முகத்தைப் பார்த்து முடிக்கிற வாக்கியம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுப்புடவை விற்கிற எங்களுக்கு ஒரு வித்தை தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆறு மாதம் கவுண்டருக்குப் பின்னால் நின்றால் தானாக வந்துவிடும். வாக்கியத்தை ஆரம்பிப்போம், ஆனால் முடிக்க மாட்டோம். "இந்தக் கலரு உங்க பொண்ணுக்கு..." என்று இழுத்தபடி புடவையை விரிப்போம். விரிக்கிற நேரத்தில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்போம். முகம் மலர்ந்தால், "...அள்ளிக்கினு போவுதுமா!" மூக்கு லேசாகச் சுருங்கினால், "...அவ்ளோ எடுப்பா இல்லல்ல? நானும் அதான் நெனச்சேன், இத்த ஓரம் வெச்சிடலாம்." ஒரே ஆரம்பம், இரண்டு முடிவு. வந்தவர்கள், "இந்தப் பொண்ணு நம்ம மனசுல இருக்கிறதையே சொல்லுது பாரேன்" என்று பூரித்துப்போவார்கள். அவர்கள் முகத்தில் இருந்ததைத்தான் திருப்பிக் கொடுத்தோம் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

இதில் எங்கள் கடையிலேயே நான்தான் கெட்டிக்காரி. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பத்தொன்பது வருஷ சர்வீஸ். மாமியார், நாத்தனார், கல்யாணப் பெண், அவளுடைய சிநேகிதி என்று நாலு பேர் எதிரே உட்கார்ந்தால், யாருடைய பேச்சு அங்கே எடுபடும் என்று முதல் புடவையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். பிறகு அந்த ஒரு முகத்துக்குத்தான் வாக்கியத்தை முடிப்பேன்.

எதிரே உட்கார்ந்தால் என்றேன் இல்லையா? உட்காருவது அவர்கள். நாங்கள் நிற்போம். காலை பத்து மணிக்கு ஷட்டர் ஏறினால் இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்போம். வாடிக்கையாளர்கள் உட்காருகிற ஸ்டூல் வரிசையாகக் காலியாகக் கிடக்கும், அதைத் தொடக்கூடாது. பட்டுக்கடை என்றால் பணியாட்கள் நின்றுகொண்டிருந்தால்தான் லட்சணம் என்பது முதலாளியின் அப்பா காலத்திலிருந்து வருகிற சட்டம். அதற்கு நாங்கள் வைத்திருந்த மாற்று ஏற்பாட்டுக்குப் பெயர் தேடுதல். கால் கெஞ்ச ஆரம்பித்ததும், கவுண்டருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழ்த்தட்டில் ஏதோ தேடுகிற மாதிரி இரண்டு நிமிஷம் கழிக்க வேண்டியது. "அக்கா எங்க?" என்று முதலாளி கேட்டால், "தேடிக்கினு இருக்காங்க சார்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அத்தனை வருஷமாக அந்தக் கீழ்த்தட்டில் நாங்கள் என்னத்தைத் தேடினோம் என்று அந்த மனுஷன் ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கு நாற்பத்துநாலு வயதில் அந்தத் தேடுதலும் போயிற்று. முட்டி மடங்க மறுத்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "உக்காந்து செய்யற வேலையா மாத்திக்குங்க, இல்லாட்டி வேலைய விட்டுடுங்க" என்றார். வீட்டுக்காரர் லாரி பட்டறையில் இருக்கிறார், நல்ல மனுஷன். "போதும்மா, வீட்ல இரு" என்றார். வீட்டில் இருந்து நான் என்ன செய்வது, சுவரின் முகத்தைப் பார்த்தா வாக்கியத்தை முடிப்பது? எனக்கு அந்தக் கடை பிடிக்கும். புதுப் புடவை மடிப்பு பிரிகிற சத்தம் பிடிக்கும். கல்யாணப் பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு திடீரென்று பேச்சை நிறுத்துவாளே, அந்த நிமிஷம் பிடிக்கும். அதை விட்டுவிட்டு வர மனசே இல்லை. எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தால் வேலை மிஞ்சும், கிடைக்காவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேனே! ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள் முதலாளி அறைக்குப் போய், "மொதலாளி, கால் வலிக்கு ஒரு நாற்காலி இருந்தா..." என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்தார். நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. என் வாய் அதுபாட்டுக்கு, "...நல்லாத்தான் இருக்கும், இல்லாட்டியும் சமாளிச்சுக்குவேன்" என்று முடித்தது. "சமாளிச்சுக்கம்மா" என்று அவரும் சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை இன்னும் மோசம். தீர்மானமாகப் போனேன், "மொதலாளி, ஒரு நாற்காலிய..." என்றேன். அவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், முகம் கடுகடுவென்று இருந்தது. "...தொடைச்சு வெக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதற்காக அவருடைய நாற்காலியையே துடைத்தும் கொடுத்துவிட்டு வந்தேன். என் கேவலத்தை எங்கே போய்ச் சொல்வது!

இந்தச் சமயத்தில்தான் கடைக்கு இங்கிலீஷ் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் வீடியோ காலில் புடவை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அம்மாக்களுக்குத் தமிழ் தெரியும். கட்டிக்கொள்ளப்போகிற பெண்களுக்கோ இங்கிலீஷ்தான். முதலாளி மாடியில் ஒரு அறையை ஒழித்து, நல்ல விளக்கு போட்டு, பெரிய திரை வைத்து, ஒரு மேஜை போட்டார். மேஜைக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி. நான் படியேறிப் போய் அந்த நாற்காலியை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். "யாரு இங்கிலீஷ்ல ஒரு கஸ்டமரை முழுசா பாத்து அனுப்பறாங்களோ, அவங்களுக்குத்தான் மேல வேலை" என்று அறிவிப்பு. மதியம் மூன்றிலிருந்து நான்கு, ஈ ஓட்டுகிற நேரத்தில், ஆறு பேருக்கு வகுப்பு.

டீச்சராக வந்தது பக்கத்து ஓரிக்கையிலிருந்து ஒரு பெண். இருபத்துமூன்று வயது இருக்கும். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம், அவள் எங்களை அக்கா, அண்ணா என்பாள். முதல் நாளே, "வாக்கியங்கறது தறி மாதிரி அக்கா, பாவு இருக்குது, ஊடை இருக்குது" என்று ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ்ஸு, காஞ்சிபுரம்னா எல்லாரும் தறியில பொறந்து தறியில வளந்தவங்களா? எங்க வீட்ல தறியே கெடையாது. நாங்க விக்கறவங்கமா. விக்கற மாதிரி சொல்லு."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். புடவைப் பெட்டி ஒன்றின் மூடியைத் திருப்பிப்போட்டு மூன்று கட்டம் வரைந்தாள். யார், என்ன செய்கிறார், எதை. "இங்கிலீஷ்ல இந்த வரிசைதான். மொதல்ல ஆளு, அப்புறம் வேலை, அப்புறம்தான் பொருளு" என்றாள். சரி என்று நான் எழுந்து நின்று, அவளையே கஸ்டமராக வைத்து, "திஸ் சாரி யூ..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"வெர்ப் எங்கக்கா?"

"வரும், இரு."

"எப்ப வரும்?"

"உன் மூஞ்சியப் பாத்துட்டுதான் வரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, என்னை உற்றுப் பார்த்தாள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது, அதனால் கடைசிவரை மனதை மாற்றிக்கொள்ள எங்களுக்கு நேரம் இருக்கிறது என்பதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாளாம். இங்கிலீஷில் அந்த வசதி கிடையாது, இரண்டாவது சொல்லிலேயே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்றாள். எனக்குப் பகீரென்றது. எதிரே இருப்பவள் முகத்தைப் பார்க்காமலேயே நான் முடிவு செய்ய வேண்டுமா? அதோடு விட்டாளா? கேள்வி கேட்பதென்றால் 'டூ' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டுமாம். நாம் என்ன செய்வோம், கடைசியில் ஒரு 'ஆ' போடுவோம். போடலாமா வேண்டாமா என்று அதுவரை யோசிக்கலாம். "கேக்கப்போறோம்னு மொதல்லயே சொல்லிட்டா அந்தம்மா உஷாராயிடுவாங்களே!" என்று அவளிடம் சண்டை போட்டேன்.

வகுப்பில் எனக்குப் போட்டி என்றால் தாமலிலிருந்து வருகிற அண்ணன் ஒருவர்தான். முப்பது வருஷ சேல்ஸ்மேன். அவருடைய இங்கிலீஷில் வினைச்சொல் என்கிற பண்டமே இருக்காது. "மேடம், திஸ் சாரி, ப்யூர் சில்க், ப்யூர் ஜரிகை, மேடம்!" அவ்வளவுதான். "அண்ணா, நடுவுல ஒரு இஸ் போடுங்க" என்று மிஸ் கெஞ்சுவாள். "எதுக்குமா? இது பட்டு. முடிஞ்சுது. நடுவுல இன்னொண்ணு எதுக்கு?" என்பார். முந்தானைக்கு ஊக்கு குத்துகிற மாதிரிதான் அந்த இஸ், இல்லாவிட்டால் நழுவிவிடும் என்று அவள் சொன்னதும்தான் அவருக்குப் பிடிபட்டது. அதற்கப்புறம் கண்ட இடத்திலெல்லாம் இஸ் குத்த ஆரம்பித்தார்.

ஒருநாள் அவர் பெட்டி மூடியில், "த சாரி வேர்ஸ் த பிரைட்" என்று எழுதினார். மிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். புடவை மணப்பெண்ணைக் கட்டிக்கொள்கிறது என்று ஆகிவிட்டதாம். "சில கல்யாணத்துல அப்படித்தாம்பா இருக்குது" என்றார் அவர் அசராமல். அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. 'புடவையைப் பெண் கட்டினாள்' என்றாலும் 'பெண் புடவையைக் கட்டினாள்' என்றாலும் நமக்கு ஒன்றுதான். 'ஐ' என்று ஒரு வால் ஒட்டிவிட்டால் போதும், அந்தச் சொல் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும். இங்கிலீஷில் வால் கிடையாது. எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ, அதுதான் அதற்கு வேலை. மாறி உட்கார்ந்தால் கட்டுகிறவள் கட்டப்படுகிறவள் ஆகிவிடுகிறாள்.

"அப்ப ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஸீட்டு இருக்குதுன்னு சொல்லு" என்றேன்.

"கரெக்டுக்கா."

"சொல்லுக்கெல்லாம் இருக்குது. எங்களுக்குத்தான் இல்ல."

இதைக் கேட்டு அதிகம் சிரித்தது வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். காட்டன் பிரிவில் என் பக்கத்து கவுண்டர். பஸ்ஸிலும் நின்றுகொண்டு வந்து, கடையிலும் நின்று, திரும்பவும் நின்றுகொண்டே போவாள். சாயங்காலத்தில் கால் வீங்கிச் செருப்பு நுழையாது. தேடுதலில் கடையிலேயே முதலிடம் அவளுக்குத்தான்.

இரண்டு மாதம் கழித்து எனக்குப் பரீட்சை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கல்யாணப் பெண், கூட அவளுடைய அம்மா. காலை பதினொரு மணி. முதலாளி ஓரமாகக் கைகட்டி நின்றார், மிஸ் வாசலில் நின்றாள். முதல் தடவையாக அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆஹா! முட்டி இரண்டும் நன்றி சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்த அம்மா தமிழில் நலம் விசாரித்துவிட்டு, "அவகிட்டயே பேசுங்கம்மா, அவதான கட்டிக்கப்போறா" என்று பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பிடித்தது என்று முதலாளி சொல்லிவைத்திருந்த அரக்குப் புடவையை விரித்தேன். "திஸ் சாரி... ஃபார் யூ..." என்று இழுத்து, பழக்கதோஷத்தில் நிறுத்தி, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் அசையாமல் என்னைப் பார்த்தாள். நானும் அசையாமல் பார்த்தேன். அவள் முகம் ஏதாவது சொல்லட்டும் என்று நான் காத்திருக்க, நான் மிச்சத்தைச் சொல்லட்டும் என்று அவள் காத்திருக்க, இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. திடீரென்று அவள் திரையில் தட்டினாள். "ஹலோ? ஹலோ? யூ ஆர் ஃப்ரோசன்!" என்றாள்.

நெட் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள்! முதலாளி பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். நான் மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி பாதியில் நிறுத்தினேன். மறுபடி "ஹலோ? ஹலோ?" முதலாளி மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். கோளாறு வயரில் இல்லை, என் வாயில் என்று எப்படிச் சொல்வேன்? வாசலில் மிஸ் மூன்று விரலைக் காட்டி ஒவ்வொன்றாக மடக்கினாள். யார், என்ன, எதை.

மூன்றாவது தடவை நெட் நிஜமாகவே மாட்டிக்கொண்டது. முதலாளி பிடுங்கிய பிடுங்கலுக்கு மாட்டாமல் என்ன செய்யும்? அந்தப் பெண்ணின் முகம் கண் மூடி, வாய் பாதி திறந்து, அப்படியே நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வந்தது, "கேன் யூ ஹியர் மீ? டூ யூ லைக் இட்?" என்று. என் பிடிமானமே போய்விட்டது. படிக்க ஒரு முகம் இல்லை. வேறு வழியில்லாமல் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, யார் முகத்தையும் பார்க்காமல், எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"ஐ லைக் த க்ரீன் சாரி. யூ வில் லைக் த க்ரீன் சாரி. யுவர் மதர் டஸ் நாட் லைக் த க்ரீன் சாரி."

படம் திரும்பி வந்தபோது அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "அது எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?" என்றார். இதிலென்ன வித்தை இருக்கிறது, மேஜை ஓரத்தில் மடித்துவைத்திருந்த அந்தப் பச்சையைப் பெண் இரண்டு தடவை பார்த்தாள், இரண்டு தடவையும் அம்மாவின் மூக்கு சுருங்கியது. பச்சையை விரித்தேன். அதற்கப்புறம் எனக்கும் அவளுக்கும் நடுவே தடையே இல்லை. நான் பேசிய இங்கிலீஷில் ஆயிரம் ஓட்டை இருந்திருக்கும், ஆனால் யார், என்ன, எதை என்பது மட்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதனதன் ஸீட்டில் இருந்தது. முகூர்த்தத்துக்கு அம்மாவின் அரக்கு, வரவேற்புக்கு அவளுடைய பச்சை என்று இரண்டுமே முடிந்தது.

வீடியோ கால் முடிந்ததும் முதலாளி தலைமுடியில் தூசியோடு எழுந்து நின்றார். "சபாஷ்மா! நாளையிலருந்து மேலதான் உனக்கு வேலை. இந்த நாற்காலி உன்னுது" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாற்காலியோடு ஒரு முழுச் சுற்றும் சுற்றினேன்.

சுற்றி வந்து நின்ற இடத்தில் மாடிக் கண்ணாடி வழியாகக் கீழே கடை தெரிந்தது. வாலாஜாபாத்காரியின் கவுண்டரில் ஆளைக் காணோம். கவுண்டர் விளிம்பைப் பிடித்திருந்த நாலு விரல் மட்டும் தெரிந்தது. தேடிக்கொண்டிருந்தாள்.

"வேற எதனா வேணுமா? இங்கிலீஷ்லயே கேளு பாப்போம்" என்றார் முதலாளி விளையாட்டாக. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, நோ தேங்க்யூ என்று சொல்லியிருந்தால் முடிந்தது கதை. தமிழில் என்றால், "கீழ அவங்களுக்கும்..." என்று இழுத்திருப்பேன், நெற்றியில் கோடு விழுந்திருக்கும், "...ஒரு டீ சொல்லுங்க மொதலாளி" என்று முடித்திருப்பேன். இது இங்கிலீஷ். முதலில் ஆளைச் சொல்ல வேண்டும். நான் கண்ணாடி வழியாக அந்த நாலு விரலைப் பார்த்தபடியே வாயைத் திறந்தேன்.

"வீ" என்றேன். "வீ வாண்ட் சேர்ஸ்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோடு விழுந்திருந்தது. ஒன்றல்ல, மூன்று. ஆனால் வாக்கியம் முடிந்துபோயிருந்தது, மாற்ற என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

அவர் கண்ணாடி அருகே போய்க் கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அந்தம்மா தினமும் அப்படி இன்னாதாம்மா தேடுது?" என்று கேட்டார்.

"நாற்காலிதான் மொதலாளி" என்றேன்.